அரைப்பேர்

மார்ச் நடுவில் மதகைத் திறந்து
ஏரியை இறக்கினார்கள்.
சீசன் தொடங்குமுன் சேறு அள்ளியாக வேண்டும்.
அன்னப் படகுகள் பதினெட்டும்
ஒன்றன் முதுகில் ஒன்று கழுத்தைச் சாய்த்துக் கரையில் கிடந்தன.
விற்க டிக்கட் இல்லாத எனக்குக்
கவுண்டர்தான் முன்வரிசை இருக்கை.

றிஃப்கான் பெக்கோ ஓட்டினான்.
முதல் நாள் வந்தவை
செருப்புகள், எப்படியோ எல்லாமே இடது கால்.
கைத்தொலைபேசிகள்.
மோதிரம் ஒன்று,
அது தவறி விழுந்ததா, கழற்றி எறிந்ததா என்று
மதியச் சாப்பாடு முடியும்வரை வாதாடினோம்.

மறுநாள்
கோலி அடைத்த சோடாப் போத்தல்,
மட்டக் குதிரையின் லாடம்,
பித்தளைப் பூண் போட்ட துடுப்பு.
எஞ்சினியர் நிஷ்ஷங்க அதை மட்டும்
துணியில் சுற்றிக் காரில் வைத்தார்.

அதற்கும் கீழே கறுப்புச் சேறு.
அட்டையும் அழுகிய கோரையும் மணக்கிற சேறு.
நுவரெலியாவுக்கு ஏரி வருமுன்
இங்கே இருந்தது இதுதான் என்றார்கள்.

பார்க் வாசல் பலகையில் வரலாறு மூன்று வரி:
சதுப்பாய்க் கிடந்தது.
கவர்னர் வந்தார்.
ஏரி உண்டானது.

உண்டானது!
மழைக்கு மறுநாள் காளான் உண்டாவதுபோல.

பலகையில் இல்லாததை
வேலையில்லாத அந்த நாட்களில்
நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.
கரையில் புல் விரித்தார்கள். சைப்பிரஸ் நட்டார்கள்.
பெஞ்சு போட்டார்கள்.
யார் உட்காரக் கூடாது என்று எழுதவில்லை,
எழுதும் தேவை இருக்கவில்லை.
பிறகு சுதந்திரம் வந்தது.
பெஞ்சில் யாரும் உட்காரலாம் என்றானது;
அதே வருஷம் எங்கள் ஆட்களை
நாட்டிலேயே உட்கார விடாமல் சட்டம் எழுதினார்கள்.
எழுதாத தடை போய்
எழுதிய தடை வந்தது.
அதுவும் ஒருநாள் தீர்ந்தபோது
வேலி போட்டார்கள், கேட் போட்டார்கள்,
உள்ளூருக்கு ஒரு விலை, வெளியூருக்கு ஒரு விலை.
அந்த விலையை வாங்கிப் போட
என்னைப் போட்டார்கள்.

நாலாம் நாள் பத்தரை மணிக்கு
பெக்கோவின் பல்லில் கல் ஒன்று மாட்டியது.
பழைய அணைக்கல்.
றிஃப்கான் வாளித் தண்ணீர் ஊற்றினான்.
கல்லில் கோடுகள்.
சில நெடுக, சில பாதியில் நின்றவை.

அளவைக் குறி, என்றார் நிஷ்ஷங்க.
இருக்கலாம்.
நான் குனிந்து எண்ணினேன்.
முழுக்கோடு நாற்பத்தொன்று.
அரைக்கோடு அறுபத்தாறு.

தோட்டத்தில் பெரட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும்.
கொழுந்து நிறை குறைந்தால்,
மழை அடித்தால்,
கங்காணிக்கு முகம் பிடிக்காவிட்டால்
அரைப்பேர்.
அம்மா மாலையில் வந்து
கூடையை இறக்கும் சத்தத்திலேயே கண்டுபிடிப்பேன்,
இன்றைக்கு அவள் முழு வெள்ளையம்மாவா
பாதி வெள்ளையம்மாவா என்று.

நெஞ்சளவு சேற்றில் நின்றவனும்
அப்படித்தான் பாதியாகிப் பாதியாகி
இந்தக் கல்லில் நிற்கிறானோ?
நிச்சயமாய்ச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.
ஏரிக்கு மட்டும்
ஒரு துரையின் முழுப்பேர்.

கல்லை எங்கே வைப்பது என்று கேட்டேன்.
ஏற்கனவே இடம் பார்த்தாயிற்று.
ஊர்ப் பேரை ஆளுயர எழுத்தில் நிறுத்தி
படம் எடுத்துக்கொள்ள மேடை கட்டுகிறார்கள்.
மூன்றாம் எழுத்துக்கு அடியில் மண் இளக்கம்.
கோட்டுப் பக்கம் கீழே இருக்க
கொங்கிறீட் ஊற்றினார்கள்.
மோதிரத்தை றிஃப்கான் என்ன செய்தான் என்று
கேட்கவில்லை.

இப்போது ஏரி நிரம்பிவிட்டது.
அன்னங்கள் மிதக்கின்றன, ஒன்பதாம் எண் மட்டும்
கொஞ்சம் வலது பக்கம் இழுக்கிறது.
கொழும்பிலிருந்து வந்த அப்பா ஒருவர்
மீசை அரும்பிய மகனைக் காட்டி
பிள்ளைக்கு அரை போதும் என்கிறார்.
அவன் வெட்கத்தில் ஏரியைப் பார்க்கிறான்.
முழுசாகவே கிழிக்கிறேன்.
அவர் முறைக்கிறார்.

காலையில் எட்டு மணிக்குள் விரல் வைக்க வேண்டும்.
வாசலில் சின்ன மெஷின்.
பிந்தினால் அரை நாள் வெட்டு.
பனிக்கு விறைத்த விரலை
அது அடையாளம் காண்பதில்லை.
இன்றைக்கு ஏழு ஐம்பத்தெட்டு.
சிவப்பு விளக்கு.
சேலையில் துடைத்து, வாயால் ஊதி,
மறுபடி வைக்கிறேன்.